ஒரே கதை, ஐந்து நாயகர்கள்: யாரைத் தேர்ந்தெடுப்பது?

கரு கிடைத்துவிட்டது. நிகழ்ச்சிகளும் ஓரளவு வரிசைக்கு வந்துவிட்டன. எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே கை நிற்கிறது: இதை யாரோடு நடந்து சொல்வது? நல்லவனை வைத்தால் சப்பென்று போய்விடுமோ என்று ஒரு பயம். கெட்டவனை வைத்தால் வாசகர் பாதியில் மூடிவிடுவாரோ என்று இன்னொரு பயம். ஓரமாக நிற்கும் ஒருவர் வாயால் சொல்லலாம் என்றால், "அவருக்கு இதில் என்ன வேலை?" என்று முதலில் படித்துப் பார்க்கும் நண்பரே கேட்டுவிடுகிறார். முதல் நாவல் எழுதுகிறவர்கள் பலர் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

நல்ல நாயகன் எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் குணப்பட்டியல்தான் பதிலாக வரும். துணிச்சல், இரக்கம், ஒரு குறை, பழைய காயம் ஒன்று. அந்தப் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது. என்னைக் கேட்டால் குணம் இரண்டாம்பட்சம். கதை திரும்பும் இடங்களில் முடிவு எடுப்பது யார், அதற்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் முதலில். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் யோக்கியரா அயோக்கியரா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கருவை எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து ஒருவர் இறந்துபோகிறார். சேஃப்டி வால்வு சரியில்லை என்று ஆபரேட்டர் முன்பே பதிவேட்டில் எழுதியிருந்தார். "பார்த்தாயிற்று" என்று பார்க்காமலே அதன் கீழே கையெழுத்துப் போட்டவர் சூப்பர்வைசர். வெடித்த இரவே அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது. கிழித்ததைப் பார்த்தவர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் ஒரு பெண். இறந்தவருக்கு ஒரு தங்கை. அதே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர். சம்பவம் ஒன்றுதான். ஐந்து பேரில் யாரைப் பிடித்தாலும் கிடைப்பது வேறு நாவல்.

## எதை வைத்து எடைபோடுவது

விருப்பம். அவருக்கு என்ன வேண்டும்? "நீதி", "நிம்மதி" என்றெல்லாம் சொன்னால் போதாது. கிடைத்ததா இல்லையா என்று கடைசிப் பக்கத்தில் வாசகர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கிழிந்த பக்கம், போகாமல் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வேலை, இழப்பீட்டுத் தொகை என்று ஏதாவது ஒன்று.

முடிவு. கதையில் மூன்று பெரிய திருப்பங்கள் இருந்தால் குறைந்தது இரண்டு அவர் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வந்திருக்க வேண்டும். செய்யாமல் விடுவதும் முடிவுதான். ஆனால், செய்வதற்கான வழி திறந்திருந்ததை வாசகர் பார்த்திருக்க வேண்டும். கையைக் கட்டிப்போட்டு உட்கார வைத்தவர் எதையும் "விட்டவர்" ஆகமாட்டார்.

விலை. இந்த விவகாரத்திலிருந்து அவர் சும்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியுமா? முடியும் என்றால் அவர் நாயகன் இல்லை, வந்துபோகிறவர். விலை என்றால் உயிர்தான் என்றில்லை. ஒருவர் இனிமேல் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ளும் விதம் மாறிப்போவதும் பெரிய விலை.

எட்டும் தூரம். கதையின் முக்கியமான அறைகளுக்குள் அவரால் போக முடியுமா? 1950இல் தொடராகத் தொடங்கிய பொன்னியின் செல்வனில் தலைப்புக்கு உரியவர் அருள்மொழிவர்மர். ஆனால், முதல் அத்தியாயத்தில் குதிரையேறி வருபவன் வந்தியத்தேவன். அவன் கையில் ஓலை இருக்கிறது. அதனால் அரண்மனைக்குள்ளும் போகலாம், சதி நடக்கும் மாளிகையிலும் இரவு தங்கலாம். இளவரசரால் அப்படியெல்லாம் சுற்றித் திரிய முடியாது. கல்கி அந்தப் பெரும் கதையை ஒரு தூதன் பின்னால் நடத்திப் போனதில் எவ்வளவு தொழில் சூட்சுமம் இருக்கிறது என்பது சொந்தமாக ஒரு கதைக்கு வழி தேடும்போதுதான் தெரியும்.

தாங்கும் நீளம். பத்துப் பக்கத்துக்கு அருமையாக இருக்கும் ஒருவர் முந்நூறு பக்கத்துக்குச் சகிக்க முடியாதவராகலாம். நேர்மாறாகவும் நடக்கும்.

## நல்லவர்: ஆபரேட்டர்

பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் இலக்கணம். அப்படிப்பட்டவன் மேல் வாசகருக்கு இருக்கும் ஆசை இன்னும் போகவில்லை. ஆபரேட்டரை நாயகனாக்கினால் முதல் பக்கத்திலேயே நாம் அவர் பக்கம். வால்வு சரியில்லை என்றார், யாரும் கேட்கவில்லை. வாசகரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு நாற்பது ஐம்பது பக்கம் கழித்துத்தான் தெரிய வரும். நல்லவர் எதையும் தொடங்கிவைப்பதில்லை. திட்டம் போடுவது, பொய் சொல்வது, பக்கத்தைக் கிழிப்பது எல்லாம் எதிரணி. இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்துக்கொண்டே இருப்பார். சுவாரசியம் மெல்ல வில்லன் பக்கம் நகர்ந்துவிடும். எழுதுகிறவருக்கே சூப்பர்வைசர் வரும் காட்சிகளை எழுதத்தான் கை பரபரக்கும். அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

இரண்டாவது செலவு, அவர் படும் துன்பம் வெறும் அநியாயமாக மட்டும் தெரிவது. குறையே இல்லாத நல்லவன் வீழ்வதைப் பார்த்தால் நமக்கு அருவருப்புதான் வரும், இரக்கமும் அச்சமும் வராது என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொல்கிறார். அவர் கேட்பது இடைப்பட்ட ஒருவரை, ஏதோ ஒரு பிழையால் விழுகிறவரை. துன்பியல் நாடகத்துக்காகச் சொன்னது என்றாலும் நாவலுக்கும் அது பொருந்துகிறது.

சரி, ஆபரேட்டரிடம் அந்தப் பிழை எங்கே? கருவிலேயே இருக்கிறது. வால்வு பழுது என்று தெரிந்தும் அன்று பாய்லரைப் பற்றவைத்தது யார்? அவர்தான். மறுத்திருந்தால் வேலை போயிருக்கும், அதனால் பற்றவைத்தார். இந்த ஒரு கேள்வியை இருபதாம் பக்கத்திலேயே ஒருவர் அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டால் நல்லவர் உயிர்பெற்றுவிடுவார். எழுதிவைத்ததோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தவர், அது முடியவில்லை என்று அறிவதுதான் அப்புறம் கதை.

நல்லவர் சரியாகப் பொருந்துவது எப்போது? நாயகன் மாறாமல் அவரைச் சுற்றியிருப்பவர்கள் மாறும் கதைகளில், ஒரே ஆள் பல கதைகளில் தொடர்ந்து வரும் வரிசைகளில், சிறுவர் கதைகளில். இரண்டு நல்லவை மோதும்போதும் இவர்தான் பொருத்தம். குடும்பத்துக்கு உண்மையாக இருந்தால் இறந்தவருக்குத் துரோகம் என்ற மாதிரி நிலைமை வந்தால், குறையில்லாதவரும் குறைபட்டுத்தான் வெளியே வருவார்.

## எதிர்நாயகர்: சூப்பர்வைசர்

இன்று எழுதத் தொடங்குகிறவர்களுக்கு அதிகம் பிடித்தது இவர்தான். காரணம் புரிகிறது. விருப்பம் கூர்மையாக இருக்கிறது: மாட்டக் கூடாது. ஒவ்வொரு முடிவும் அவருடையது. கையெழுத்துப் போட்டது, பக்கத்தைக் கிழித்தது, நாளை இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகப்போவது எல்லாமே அவர் செய்வது. விலை ஏறிக்கொண்டே போகிறது. முதல் மூன்று அளவுகோல்களிலும் இவரை மிஞ்ச ஆளில்லை.

வாசகருக்கு அவரைப் பிடிக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அடுத்து என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் இருந்தால் போதும். அதை உண்டாக்கச் சில வழிகள் பழக்கத்தில் உள்ளன. வேலையில் கெட்டிக்காரராகக் காட்டுவது ஒன்று. திறமையைப் பார்த்துக்கொண்டிருக்க மனிதருக்கு அலுப்பதில்லை. அவரைவிட மோசமான ஒருவரை மேலே உட்கார வைப்பது இன்னொன்று. இந்தக் கதையில் உற்பத்தி நிற்கக் கூடாது என்று தொலைபேசியில் சொன்ன மேலாளர் இருக்கிறார். மூன்றாவது, கெட்டதைச் செய்வதற்கு முன்னால் அவருடைய தேவையைக் காட்டிவிடுவது. கையெழுத்துக்கு முந்திய நாள் இரவு அவர் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு அந்தக் கையெழுத்து வேறு மாதிரி தெரியும்.

இனி செலவுகள். இந்த ஐந்தில் வாங்கும்போது மலிவாகவும் வைத்துக் காப்பாற்றும்போது கடும் விலையாகவும் இருப்பவர் எதிர்நாயகர்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, எழுத்தாளர் அவருக்கு வக்கீலாகிவிடுவது. நூறு பக்கம் ஒருவர் தலைக்குள் குடியிருந்தால் அவர் சொல்லும் சாக்குகள் நமக்கே நியாயமாகத் தெரியத் தொடங்கும். சமநிலை போனது வெளியே தெரியும் இடம், பாதிக்கப்பட்டவர்கள் வரும் காட்சிகள். இறந்தவருக்குப் பெயர் இருக்கிறதா? அவர் சிரித்து ஒரு வரியாவது பேசியிருக்கிறாரா? இல்லை என்றால் அவர் சூப்பர்வைசரின் மனசாட்சியை உறுத்துவதற்காகவே செத்திருக்கிறார். வாசகர் அதை மன்னிப்பதில்லை.

இரண்டாவது, களைப்பு. பயம், பொய், இன்னொரு பொய் என்று ஒரே சுருதி. இதைச் சமாளிக்கும் எளிய வழி நீளத்தைச் சுருக்குவது. ஜி. நாகராஜனின் நாளை மற்றுமொரு நாளே (1974) கந்தன் என்ற ஒருவனுடைய ஒரே ஒரு நாளைத்தான் சொல்கிறது. யாரும் பின்பற்றத்தக்கவன் என்று சொல்லிவிட முடியாத அவனோடு வாசகர் கடைசிவரை கூடவே போய்விடுகிறார். விளக்கமும் இல்லை, பரிந்துரையும் இல்லை, நாளும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதே ஆளை நானூறு பக்கத்துக்கு இழுத்திருந்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் அவனைத் திருத்தவோ தண்டிக்கவோ வேண்டிய கட்டாயம் வந்திருக்கும்.

மூன்றாவது செலவு தன்மையில் எழுதுவதா படர்க்கையில் எழுதுவதா என்பதில் ஒளிந்திருக்கிறது. "நான்" என்று எழுதினால் சூடு ஏறும். ஆனால், அவருக்குத் தெரியாததைச் சொல்ல வழியிருக்காது, அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கணக்கும் ஒவ்வொரு வரியிலும் ஓடிக்கொண்டிருக்கும். குற்றமும் தண்டனையும் நாவலை 1865இல் தஸ்தயேவ்ஸ்கி கொலைகாரனே தரும் வாக்குமூலமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிரதியைக் கைவிட்டு, அவன் தோளோடு தோளாக நடக்கும் படர்க்கைக் குரலில் மறுபடி தொடங்கினார். 1866இல் அது தொடராக வந்தது. குற்றவாளியின் பதற்றத்துக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும், அவனுக்கு வெளியே ஒரு அடி தள்ளி நிற்கவும் வேண்டும் என்றால் இந்த வழிதான் வசதி. எதிர்நாயகரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுவே: முதல் பிரதியைப் படர்க்கையில் எழுதுங்கள். "நான்" வேண்டும் என்று கதையே அடம்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இவர் பொருந்தும் இடம் தெளிவானது. "யார் செய்தது" என்பது முக்கியமில்லாமல், "ஒரு சாதாரண மனிதர் இதை எப்படிச் செய்யத் துணிந்தார்" என்பது கேள்வியானால் இவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது. வெறும் அதிர்ச்சிக்காக என்றால் வேண்டாம். அது ஒரு அத்தியாயத்துக்குமேல் தாங்காது.

## அகப்பட்டுக்கொண்டவர்: தங்கை

அண்ணன் இறந்த செய்தி வரும்வரை இவருக்கும் தொழிற்சாலைக்கும் சம்பந்தமில்லை. நம்மில் பெரும்பாலோர் இவரைப் போலத்தான். நடப்பதில் நம் பங்கு குறைவு, வருவதைத் தாங்கிக்கொள்கிறோம். அதனால் வாசகர் சுலபமாக ஒட்டிக்கொள்வார். தெரியாத உலகத்துக்குள் அவரும் புதிது, நாமும் புதிது என்பதால் பாய்லர், பதிவேடு, விசாரணை என்று எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். விளக்கப் பத்திகள் எழுத வேண்டிய தொல்லை பாதி குறைகிறது.

ஆனால் முடிவு என்ற அளவுகோலில் இவர் தடுமாறுவார். ஒருவர் வந்து தகவல் சொல்கிறார், இன்னொருவர் கடிதம் கொடுக்கிறார், மூன்றாமவர் தற்செயலாக வழியில் எதிர்ப்படுகிறார். நடுப்பகுதி முழுக்க இவர் வாங்கிக்கொண்டே இருப்பார். தற்செயல்கள் பெருகினால் ஆசிரியரின் கை தெரிய ஆரம்பிக்கும்.

இதற்கு மருந்து, அவரை வீராங்கனையாக்குவதில் இல்லை. சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். மொத்தம் 30 காதைகள். கோவலன் வெட்டுண்டு விழும் கொலைக்களக் காதை 16ஆவது. அதுவரை கண்ணகி பெரும்பாலும் பேசாதவள், காத்திருப்பவள், கூட நடப்பவள். பாதி காப்பியம் கழிந்த பிறகுதான் அவள் அரசவைக்குள் நுழைகிறாள். அப்படியிருந்தும் அவளை வெறும் துணைப்பாத்திரமாக யாரும் நினைப்பதில்லை. ஏன்? கையில் பொருளில்லை என்று கோவலன் கூசி நிற்கும்போது, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் அவள். ஒன்பதாவது காதையில் ஒரே வரியில் வந்துபோகும் அந்த முடிவின் மேல்தான் மிச்சக் கதை முழுவதும் நிற்கிறது. மதுரைக்குப் போனது, பொற்கொல்லன் கண்ணில் பட்டது, கொலை, வழக்கு, எரிந்த நகரம் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

ஆகவே அகப்பட்டுக்கொண்டவரை நாயகராக்குகிறவர் அவருக்கு முன்பகுதியில் ஒரு சிறிய, சாதாரணமாகத் தெரிகிற முடிவைக் கொடுத்துவிட வேண்டும். தங்கை, இழப்பீட்டுக் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் போட்ட அதே மாதிரிக் கையெழுத்து. அங்கிருந்து அவர் இந்தக் கதைக்குச் சொந்தக்காரர்.

## சாட்சி: கிளார்க்

நாயகன் ஒருவர், சொல்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு. பார்ப்பதற்குக் குறுக்குவழி போலத் தெரிந்தாலும் நுட்பமாகக் கையாள வேண்டியது இதுதான்.

சாட்சியால் என்ன லாபம் என்பதற்கு ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைவிட நல்ல சான்று கிடையாது. 4 நாவல்கள், 56 சிறுகதைகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை வாட்சன்தான் சொல்கிறார். ஹோம்ஸ் தாமே எழுதுவதாக அமைந்த சிறுகதைகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றில் அவரே வாட்சன் இல்லாத குறையை ஒப்புக்கொள்கிறார்: நடுவில் கேள்வி கேட்டு, வியந்து, சாதாரண யூகத்தையும் அற்புதமாக்கிக் காட்ட ஆளில்லையாம். அதற்குள் இருக்கும் தொழில்நுட்பக் காரணம் எளிது. ஹோம்ஸ் தலைக்குள் நாம் இருந்தால் மூன்றாம் பக்கத்திலேயே விடை தெரிந்துவிடும். தெரிந்ததை மறைத்தால் ஏமாற்றுவேலை. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்தால் எதையும் மறைக்காமலே மர்மம் நிற்கிறது. மேதை, மகான், பெரிய கலைஞர், பெரும் பணக்காரர் என்று உள்ளே போய்ப் பார்த்தால் சுருங்கிவிடக்கூடிய யாருக்கும் இது பொருந்தும். சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள் (1981) நாவலில் ஜே.ஜே.யை நாம் அறிவது பாலுவின் வியப்பு வழியாகத்தான். ஜே.ஜே.யே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வியப்பு நமக்கு ஒட்டியிருக்குமா என்பது சந்தேகம்.

செலவு இரண்டு இடத்தில் வரும். ஒன்று, எட்டும் தூரம். முக்கியமான காட்சி நடக்கும்போதெல்லாம் சாட்சி அங்கே இருந்தாக வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டது, தற்செயலாக அந்தப் பக்கம் போனது என்று ஒருமுறைதான் சொல்ல முடியும். கிளார்க் விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. கடிதங்கள், பதிவேடுகள், விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. உங்கள் சாட்சிக்கு அப்படி ஒரு தொழில் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். வேலைக்காரர், ஓட்டுநர், செவிலியர், காவலாளி ஆகியோர் இத்தனை கதைகளில் சாட்சியாக வருவதற்குக் காரணம், அவர்கள் அறைக்குள் இருக்கிறார்கள் என்பதை மற்றவர்கள் மறந்துவிடுவதுதான்.

இரண்டாவது செலவு இன்னும் பெரியது: விலை. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை என்றால் அவர் வெறும் ஜன்னல். ஜன்னலுக்குப் பெயர் வைத்து, குடும்பம் வைத்து, ஒரு காதலும் கொடுத்தால் வாசகர் எரிச்சலடைவார். அவரைக் கதைக்குள் இழுக்க ஒரே வழி, பார்த்ததையே அவருடைய செயலாக்குவது. கிளார்க் பக்கம் கிழிபட்டதைப் பார்த்தார். மறுநாள் விசாரணையில் "தெரியாது" என்றார். அந்த நொடியில் அவர் சாட்சி என்ற இடத்திலிருந்து இறங்கிப் பங்காளியாகிவிட்டார். இனி அவர் சொல்லும் ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கூடவே வரும்: இதை ஏன் இப்போது சொல்கிறார்?

ஐந்தில் ஒன்றை இந்தக் கருவுக்காக நான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் கிளார்க்கைத்தான் எடுப்பேன், "தெரியாது" என்று சொன்ன கிளார்க்கை. சொல்லாத கிளார்க் எனக்கு வேண்டாம்.

## கூட்டம்: ஷிஃப்ட் முழுவதும்

ஆளுக்கொரு அத்தியாயம், அல்லது "நாங்கள்" என்று ஒரே குரல். பிரச்சினை ஒரு மனிதருடையதாக இல்லாமல் ஓர் இடத்தினுடையதாகவோ ஒரு காலத்தினுடையதாகவோ இருக்கும்போது இது சரியான வழி. கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் (1976) ஓர் ஊரின் கதை. ஆனால், அங்கேயும் இடம்பெயர்ந்து வந்த பழங்கதையைச் சொல்ல மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதுகிழவி வேண்டியிருக்கிறார் என்பதைக் கவனிக்கலாம். கூட்டத்துக்கும் ஒரு குரல் பிடிமானம் தேவை.

செலவு வெளிப்படையானது. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் வாசகர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்குப் பிடித்த பாத்திரத்தை விட்டுவிட்டு வந்த கோபமும் இருக்கும். ஆறு குரல்கள் என்றால் ஆறும் கேட்டவுடன் தெரிய வேண்டும். பெயரை மறைத்துவிட்டு ஒரு பத்தியைப் படித்தால் யார் பேசுகிறார் என்று சொல்ல முடியவில்லை என்றால், அது ஒரு குரல்தான், ஆறு முகமூடிகள். முதல் நாவலுக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாகாததால் எல்லாரையும் எடுத்துக்கொள்வது இன்னும் மோசம். அப்படி எழுதப்பட்ட கைப்பிரதிகள் உடனே தெரிந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நல்லவர் | எதிர்நாயகர் | அகப்பட்டவர் | சாட்சி | கூட்டம் |
|---|---|---|---|---|---|
| விருப்பம் | தெளிவு, ஆனால் பொதுப்படை | மிகக் கூர்மை | மெதுவாக உருவாகும் | பெரும்பாலும் மறைந்திருக்கும் | சிதறும் |
| முடிவு | எதிர்வினையாகவே இருக்கும் | முழுக்க இவர் கையில் | முன்பகுதியில் ஒன்று தேவை | கொடுத்தால்தான் உண்டு | பங்கிடப்படும் |
| விலை | அநியாயமாகத் தெரியும் ஆபத்து | ஏறிக்கொண்டே போகும் | இழப்பிலேயே தொடக்கம் | இல்லாமல் போகும் ஆபத்து | இடமோ காலமோ கொடுக்கும் |
| எட்டும் தூரம் | நடுத்தரம் | குற்றத்தின் உள்ளே | வெளியிலிருந்து உள்ளே | தொழிலைப் பொறுத்தது | எல்லா அறைகளும் |
| தாங்கும் நீளம் | தொடர் வரிசைகள் | குறுநாவல், இறுக்கமான நாவல் | நாவல் | எதுவும் | பெரிய நாவல் |
| மறைந்த செலவு | வில்லன் கதையைத் திருடிவிடுவார் | எழுத்தாளர் வக்கீலாகிவிடுவார் | தற்செயல்கள் | ஜன்னலாகிவிடுவார் | வாசகரின் பற்று |

## இன்னும் முடிவாகவில்லை என்றால்

இரண்டு பேருக்கு இடையில் இழுபறியாக நிற்கும்போது சில சோதனைகள் உதவும். முதலில் நீக்கிப் பார்ப்பது. உங்கள் நாயகரைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லாம் ஏறக்குறைய அப்படியே நடக்கிறதா? அப்படியானால் கதை வேறு யாருடையதோ. தங்கையை எடுத்துவிட்டால் பாய்லர் கதை நடக்கும்; சூப்பர்வைசரை எடுத்தால் நடக்காது. தங்கைக்கு ஏன் ஒரு கையெழுத்து கொடுக்க வேண்டியிருந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது, கடைசிக் காட்சியை முதலில் எழுதுவது. அந்தக் காட்சியில் யார் இல்லாமல் இருக்க முடியாதோ அவரே உங்கள் ஆள். விசாரணை அறையில் உண்மை வெளிவருவதுதான் முடிவு என்றால் கிளார்க். யாருக்கும் எதுவும் தெரியாமலே போய், ஒருவர் மட்டும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது முடிவு என்றால் சூப்பர்வைசர். முடிவு தெரியாமல் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தச் சோதனை பயன்படாது, நீக்கிப் பார்ப்பதே போதும்.

மூன்றாவதாக, நடுவிலிருந்து ஒரே ஒரு காட்சியை இரண்டு பேர் பார்வையிலும் எழுதிப் பார்க்கலாம். சூப்பர்வைசர் துக்கம் விசாரிக்கப் போகும் காட்சி இதற்கு வாகானது. எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். எதை எழுதும்போது முன்பு யோசிக்காத ஒரு விவரம் தானாக வந்து விழுந்தது என்று பாருங்கள். தங்கை பார்வையில் அவர் செருப்பை வாசலில் கழற்றாமலே நின்றது தெரியலாம். அவர் பார்வையில், இறந்தவரின் சம்பளக் கவர் இன்னும் தன் சட்டைப்பையில் இருப்பது நினைவுக்கு வரலாம். புதிதாக விவரம் கொடுக்கிறவர் உங்களோடு நீண்ட தூரம் வருவார்.

ஏற்கெனவே நூறு பக்கம் எழுதிவிட்டு, தவறான ஆளோடு வந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உடனே கிழித்துப்போட வேண்டாம். காட்சிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் முடிவு எடுத்தவர் பெயரை மட்டும் எழுதுங்கள். பாதிக்கு மேல் வேறொருவர் பெயர் வந்தால் ஆளை மாற்றலாம். அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை: இப்போதைய நாயகரைப் புதியவருக்குச் சாட்சியாக்க முடியுமா என்று பாருங்கள். பல நேரம் முடியும். அப்படி முடிந்தால் எழுதிய நூறு பக்கங்களில் பெரும்பகுதி பிழைக்கும். அவர் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் பத்திகளும், அவருக்காகவே கொண்டுவந்த தற்செயல்களும்தான் போக வேண்டியிருக்கும்.